கழுதை மறையும் சுவர்

காற்று வந்துவிட்டது என்று முதலில் சொன்னது கூரைமேல் கிடந்த தகரம். ஸபூரா மாவுக் கையோடு ஏணியில் ஏறினாள். முற்றத்தில் நின்றால் அவள் வீட்டில் காற்றே தெரியாது. வீடு தரைக்குள் இறங்கித்தான் இருந்தது. தெருவிலிருந்து படி இறங்கித்தான் உள்ளே வரவேண்டும்.

கூரைக்கு வந்ததும் காற்று அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு தெற்கே பார்த்தாள்.

மேட்டின்மேல் ஆலைகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்றன. இரண்டு மண்சுவர்களுக்கு நடுவே ஒரு சக்கரம். மரப்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டிய சக்கரம். வடக்கிலிருந்து வரும் காற்று சுவர் இடுக்கில் நுழைந்து பலகைகளைத் தள்ளும். கீழறையில் கல் சுற்றும். முதல் ஆலை முனகிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவது கிளம்பியது. மூன்றாவதும்.

நாலாவது அசையவில்லை. ஐந்தாவதும் ஆறாவதும் அசையவில்லை. ஏழாவதிலிருந்து கடைசி வரை எல்லாம் சுற்றின.

நாலாவது அவளுடைய ஆலை. அவள் அம்மா வழியில் வந்தது. பக்கத்து ஊரான மீர்பாத்தில் மின்சார மாவு ஆலை வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் கல்லில் அரைத்த அவளுடைய மாவை வாங்க மஷ்ஹத் நகரத்தில் ரொட்டிக் கடைகள் இருந்தன. கோடை முழுக்க அரைத்து மூட்டை கட்டி அனுப்புவாள். அதில்தான் வீடு நடந்தது.

இடுக்கை அடைக்கும் பலகையைக் கணவன் எடுக்க மறந்துவிட்டானோ என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இல்லை, இடுக்கு திறந்துதான் இருந்தது. காற்றுதான் அங்கே போய்ச் சேரவில்லை.

அவள் மெதுவாக வலப்பக்கம் திரும்பினாள். அங்கே நின்றது காற்றாலை மரபு மண்டபம். இரண்டு மாடி. சுட்ட செங்கல், நீல ஓட்டு விளிம்பு, மேலே இடுப்பளவு கைப்பிடிச் சுவர். காற்று அதில் மோதி, புழுதியைச் சுழற்றி, மேலே ஏறி, மேட்டைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"அடப்பாவிங்களா" என்றாள் ஸபூரா. கடித்திருந்த முக்காடு வாயிலிருந்து நழுவிப் பறந்தது.

ஆலைகளுக்கு வடக்கே இருக்கும் நிலத்தை ஊரில் காற்றுவழி என்பார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் வீடு கட்டலாம். ஆனால் சுவர் எழுப்பினால் கழுதை நடத்த வேண்டும். இரண்டு மூட்டை கோதுமை ஏற்றிய கழுதையைச் சுவருக்கு அப்பால் ஓட்டிப் போவார்கள். ஆலைகளுக்கு உரிய பங்காளிகள் மேட்டில் நின்று பார்ப்பார்கள். மூட்டையின் தலை தெரிந்தால் சுவர் நிற்கலாம். தெரியாவிட்டால் "தெரியல" என்று கத்துவார்கள். மூன்று பேர் கத்தினால் போதும், அந்தச் சுவர் இறங்கியாக வேண்டும். முதல் செங்கல்லைச் சுவருக்கு உரியவர் தம் கையாலேயே எடுக்க வேண்டும். அதனால்தான் காற்றுவழியில் எல்லா வீடுகளும் மேலே வளராமல் கீழே இறங்கின.

போன வருடம் ஸபூரா கூரைமேல் ஒரு அறை எழுப்பினாள். மகன் நஜ்முத்தீனுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. பெண்ணின் அப்பா அப்துல்கனி, "தனி அறை இல்லாத வீட்டுக்கு என் பொண்ண அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடக் குங்குமப்பூப் பறிப்புவரை பொறுப்பதாகவும் சொன்னார். மகன் மஷ்ஹதில் ஓட்டுத் தொழிற்சாலையில் இருந்தான். கணவன் கரீம்தாத் செங்கல் சுமந்தான். ஸபூராவே பூசினாள். சுவர் நெஞ்சளவு வந்தபோது ஊர்ச்சபைத் தலைவர் ஹாஜி ஷீர்அஹ்மத் கழுதையோடு வந்தார். கரீம்தாதுக்கு அவர் சித்தப்பா. ஸபூராவுக்கு மாமனார் முறை.

கழுதை நடந்தது. மூட்டை மறைந்தது. மேட்டிலிருந்து "தெரியல" என்று முதலில் கத்தியது ஹாஜிதான். தொண்டையில் ஒரு தயக்கமும் இல்லை.

"மருமகளே, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா காத்து உங்க வீட்டுச் சொத்து இல்லையே, ஊர்ச் சொத்து" என்றார் பிறகு.

அவர் சொன்னது சரி. ஸபூராவுக்கே அது தெரியும். அவளும் பங்காளிதான். ஊரே பார்த்து நிற்க, முதல் செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தாள். ஈரக் கலவை நகத்துக்குள் போயிற்று. அந்தச் செங்கல் இன்றும் அவள் வாசற்படியில் கிடந்தது. செருப்பைத் துடைக்கப் பயன்பட்டது.

அந்தப் பனிக்காலத்தில்தான் அரசாங்கத்தின் சுற்றுலாத் துறைக்காரர்கள் மண்டபத்துக்கு அடித்தளம் போட்டார்கள். ஒரு மாடிதான் என்றார்கள். காற்று இல்லாத பருவம். ஆண்கள் பாதிப்பேர் வெளியூர் வேலையில் இருந்தார்கள். மாடி ஒன்று இரண்டாயிற்று. கழுதை நடத்த வேண்டாமா என்று பள்ளிவாசலில் யாரோ கேட்டார்களாம். ஹாஜி சிரித்தாராம். "துறைக்காரங்க முன்னாடி கழுதையா? ஊர் மானம் என்னாகுறது? இது என் வீடா, உன் வீடா? நம்ம எல்லாருடையதும்" என்றாராம்.

ஸபூரா கீழே இறங்கினாள். கையைக் கழுவவில்லை. மாவோடே மண்டபத்துக்குப் போனாள்.

ஹாஜி உள்ளே நாற்காலிகளைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் திறப்பு விழா. மஷ்ஹதிலிருந்து துறை இயக்குநர் வருகிறார், தொலைக்காட்சி வருகிறது. சுவரில் ஆலைகளின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அந்தப் படத்தில் எல்லாச் சக்கரமும் சுற்றுவது போலிருந்தது.

"வா மருமகளே. டீ குடிக்கிறியா?"

"என் ஆலை நிக்குது மாமா."

"காத்து இன்னைக்குத்தானே வந்திருக்கு. நாளைக்குச் சூடு பிடிக்கும்."

"மத்ததெல்லாம் சுத்துது. இந்தக் கட்டடத்துக்குப் பின்னால இருக்கிற மூணுதான் நிக்குது. வெளிய வந்து பாருங்க."

ஹாஜி வெளியே வரவில்லை. துண்டை எடுத்து ஒரு நாற்காலியைத் தாமே துடைத்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

"மூணு நின்னா என்ன இப்ப? மீதி சுத்துதில்ல" என்றார் தாழ்ந்த குரலில். "வர்றவன் மாவு வாங்கவா வர்றான்? பாக்க வர்றான். படம் எடுத்துட்டுப் போறான். மேல்மாடியில நின்னு பாத்தா எல்லா ஆலையும் ஒரே பார்வையில தெரியுது. அதுக்காகத்தானே மேல்மாடி."

"ஆலையப் பாக்கறதுக்காக ஆலைய நிறுத்திட்டீங்க."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்ல மாமா. நிஜமாவே கேக்கறேன். போன வருஷம் என் நெஞ்சளவுச் சுவர் காத்த மறைச்சுது. இது மறைக்காதா? இதென்ன கண்ணாடியிலயா கட்டிருக்கீங்க?"

நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் தோள் குலுங்கியது. ஹாஜி அவர்களை வெளியே அனுப்பினார். பிறகு அவள் அருகில் வந்து நின்றார். குரலில் தேன் வடிந்தது.

"நஜ்முவுக்கு அந்த அறை வேணும், இல்ல? அப்துல்கனி குங்குமப்பூ வரைக்கும்தான் பொறுப்பான். நீ கட்டிக்கோ. நாளன்னைக்கே ஆரம்பி. நான் கழுதை கொண்டு வரமாட்டேன். யாரும் கொண்டு வராம நான் பாத்துக்கறேன்."

ஸபூரா ஒரு கணம் அந்த அறையைப் பார்த்தாள். மூன்று ஜன்னல், வெள்ளைப் பூச்சு, மூலையில் மருமகளின் தையல் மிஷின். எத்தனையோ முறை மனசுக்குள் கட்டி முடித்த அறை. சரி என்றால் போதும், கிடைத்துவிடும்.

அவள் சொல்லவில்லை. சொல்லிவிடத் தோன்றியதே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபமும் சேர்ந்து ஹாஜிமேல் போயிற்று.

"நான் கட்டினா என் வீட்டுக்கு நேரா இருக்கிற ஏழாவதும் நிக்கும்" என்றாள்.

"நிக்கட்டுமே" என்றார் ஹாஜி.

அவ்வளவு எளிதாகச் சொன்னார். போன வருடம் "தெரியல" என்று கத்திய அதே வாய்.

வீட்டுக்கு வந்தபோது கரீம்தாத் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு நீளக் கம்பை இழைத்துக்கொண்டிருந்தான். அவன் நல்லவன். யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

"என்ன கம்பு இது?"

"சித்தப்பா கேட்டார்." அவன் நிமிரவில்லை. "நாளைக்கு நம்ம ஆலையில... கீழறையில அச்சோட இதைக் கட்டிட்டு, ரெண்டு பேர் சுத்தி வந்தா மேல சக்கரம் சுத்தும். இயக்குநர் இருக்கிற வரைக்கும்தான். அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் வேற ஆள் சொல்லியிருக்கார்."

ஸபூராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கம்பின் முனையைக் காலால் தள்ளினாள்.

"செக்கு மாடா நீங்க?"

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவாப் பேசணும்? காத்தத் திருடினவன் சத்தமாப் பேசுறான். நஜ்மு அப்பா, நம்ம ஆலைய ஊருக்கு முன்னாடி பொம்மையாட்டம் ஆட்டப் போறீங்களே, வெக்கமா இல்ல? கோதுமை போடாம கல்லு சுத்தினா கல்ல கல்லு தின்னும். அதுவாச்சும் நெனச்சீங்களா?"

"மேல்கல்லத் தூக்கி ஆப்பு வெச்சுடுவேன். உரசாது."

"ஆப்பு நமக்குத்தான் வெச்சிருக்காங்க."

கரீம்தாத் கம்பைக் கீழே வைத்தான். "அறைக்கு அனுமதி தர்றதாச் சொன்னார், ஸபூரா. பையன் முகத்தப் பாரு. போன தடவை வந்தப்ப சாப்பிடக்கூட இல்ல. நான் ரெண்டு மணி நேரம் சுத்தினா அவன் கல்யாணம் நடக்கும்னா, நான் சுத்துறேன். மாடாவே இருந்துட்டுப் போறேன்."

அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைக்கூட ஹாஜி தன் வேலைக்கு வளைத்துக்கொண்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ரொட்டி சுட்டாள். தயிரோடு அவன் முன் வைத்தாள். தான் சாப்பிடவில்லை.

காலையில் ஃபீரூஸே வீட்டுக்குப் போனாள். ஃபீரூஸே ஐந்தாவது ஆலையின் பங்காளி, விதவை, ஊரிலேயே நீளமான நாக்கு. மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் கழுதை வைத்திருந்த சிலரில் ஒருத்தி.

"உன் கழுதைய ஒரு மணி நேரத்துக்குக் குடு."

"எதுக்குடி? கல்யாண ஊர்வலமா?"

"சுவர் பாக்கணும்."

ஃபீரூஸே தீவனக் கூடையைக் கீழே வைத்தாள். மண்டபத்தின் பக்கம் பார்த்தாள். ஸபூராவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கா? அத்தனை பேர் முன்னாடியா?"

"இன்னைக்குத்தான் எல்லாப் பங்காளியும் மேட்டுல நிப்பாங்க. விழாவுக்குன்னு ஹாஜியே வரச் சொல்லியிருக்கார். புதுத் தொப்பி வேற குடுத்திருக்கார்."

"யாரும் கத்தலன்னா?"

"கத்தலன்னா கழுதைய உனக்குத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

"கத்தலன்னா கழுதை எதுன்னு ஊருக்குத் தெரிஞ்சுடும்" என்றாள் ஃபீரூஸே. "பத்திரமா ஓட்டு. இது என் புருஷன் மாதிரி. நடுவழியில நின்னுட்டா அடிக்காத, அடிச்சா உக்காந்துடும். நான் மேட்டுல போய் நிக்கறேன்."

மணல் வேண்டாம், கோதுமைதான் வேண்டும் என்று ஸபூரா பிடிவாதமாக இருந்தாள். வழக்கத்தில் ஒரு குறை இருந்தால் ஹாஜி அதைப் பிடித்துக்கொள்வார். தன் ஆலையில் அரைக்க வைத்திருந்த இரண்டு மூட்டைகளையும் ஏற்றிக் கட்டினாள்.

விழா மேட்டடியில் நடந்தது. விருந்தினர்கள் ஆலைகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மண்டபம் அவர்கள் முதுகுக்குப் பின்னால். மேட்டின்மேல் பங்காளிகள், ஒரே மாதிரித் தொப்பியில், பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாக நின்றார்கள். காற்று பலமாக அடித்தது. ஒலிபெருக்கி பாதிச் சொற்களைத் தின்றது. எல்லாச் சக்கரமும் சுற்றின. நாலாவது கொஞ்சம் விட்டு விட்டுச் சுற்றியது. இரண்டு பேர் மூச்சு வாங்குகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். முன்னோர்கள் என்றார். உலகத்தின் சொத்து என்றார். ஒரு துளி எண்ணெய் இல்லாமல் காற்றாலேயே சுற்றும் அற்புதம் என்றார். கைதட்டினார்கள்.

ஸபூரா தெருமுனையில் நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள். வழக்கமாகக் கழுதை ஓட்டுபவன் கூவும் சொற்கள் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு பெண் கூவி யாரும் கேட்டதில்லை. நாலாவது சக்கரம் ஒருமுறை தயங்கி மறுபடி சுற்றியது. உள்ளே கரீம்தாத் முதுகு வளைந்து சுற்றி வருவதை நினைத்தாள். அது போதுமாயிருந்தது.

"பங்காளிகளே! கழுதை வருது, கண்ணத் திறந்து பாருங்க!"

குரல் கிறீச்சிட்டது. மேட்டில் தொப்பிகள் ஒன்றாகத் திரும்பின. விருந்தினர்களும் நாற்காலியில் திரும்பிப் பார்த்தார்கள். கேமராவும் திரும்பியது. இயக்குநர் பேச்சை நிறுத்தினார். கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண், மூட்டை ஏற்றிய கழுதையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் வடபுறம் நடந்துகொண்டிருந்தாள்.

"ஆகா, உங்க ஊர்ப் பழக்கமா?" என்று இயக்குநர் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். கைதட்டல் எழுந்தது. ஹாஜியின் பதில் யாருக்கும் கேட்கவில்லை.

ஸபூரா கட்டடத்துக்குப் பின்னால் வந்தாள். இங்கே காற்று முழு பலத்தில் வந்து செங்கல்லில் அறைந்து அவள் மேலேயே திரும்பியது. கண்ணில் மண். தலைக்குமேல் சுவர் போய்க்கொண்டே இருந்தது. கழுதையின்மேல் இன்னொரு கழுதை, அதன்மேல் இன்னொன்று நின்றாலும் இந்தச் சுவருக்கு அப்பால் தெரியாது.

நடுவில் வந்ததும் கழுதை நின்றுவிட்டது.

"நட" என்றாள். அது காதை மடித்துக்கொண்டது. அவள் அடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

அந்தப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கைதட்டலும் நின்றுவிட்டது. அவளால் யாரையும் பார்க்க முடியவில்லை. அவளையும் யாரும் பார்க்க முடியாது. அதைத்தானே சொல்ல வேண்டும்! ஒரே ஒரு சொல். போன வருடம் அவள் நெஞ்சளவுச் சுவருக்கு அதைச் சொல்ல எத்தனை பேர் முந்தினார்கள்! இப்போது அத்தனை தொண்டையிலும் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது? தொப்பியா?

ஒலிபெருக்கி கரகரத்தது. அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்கினார்.

"தெரியல!"

ஆண் குரல். கட்டிப்போன தொண்டை. யாரென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"தெரியல!" இது ஃபீரூஸே. "மூட்டையும் தெரியல, கழுதையும் தெரியல, ஓட்டிப் போனவளும் தெரியல!"

யாரோ சிரித்தார்கள். பிறகு மூன்றாவது குரல், நாலாவது, அதற்குமேல் பிரித்தறிய முடியவில்லை. மேடே கத்தியது. கழுதை மிரண்டு தானாக நடக்க ஆரம்பித்தது.

மறுமுனையில் அவள் வெளிப்பட்டபோது விருந்தினர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். நாலாவது சக்கரம் நின்றுபோயிருந்தது. ஐந்தாவதும் ஆறாவதும் நின்றிருந்தன. அவற்றின் கீழறைக் கதவுகள் திறந்து கிடந்தன. கதவடியில் ஆண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். முதலாவதாக நின்றவன் கரீம்தாத். தலை, மீசை எல்லாம் கல்தூசு. தோளில் அந்தக் கம்பு. இயக்குநர் அந்தக் கம்பைப் பார்த்தார். நின்ற சக்கரங்களைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

ஹாஜி வேகமாக ஸபூராவிடம் வந்தார்.

"மானத்த வாங்கிட்டியே! போ வீட்டுக்கு!"

"மூணு பேருக்கு மேல கத்திட்டாங்க மாமா."

"இது அரசாங்கக் கட்டடம். கழுதை வழக்கமெல்லாம் ஊர் வீட்டுக்கு."

"முதல் செங்கல்ல உரியவங்க எடுக்கணும்" என்றாள். "யாருடையது இது? பள்ளிவாசல்ல என்ன சொன்னீங்க? எல்லாரும் கேட்டாங்க."

மேட்டிலிருந்து ஃபீரூஸே நினைவுபடுத்தினாள்: "நம்ம எல்லாருடையதும்னு சொன்னார்!"

"அப்போ என்னுடையதும்தான்" என்றாள் ஸபூரா.

அவள் கழுதைக் கயிற்றை ஹாஜி கையில் கொடுத்தாள். அவரும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். கரீம்தாத் கீழறைக்குள் போய்க் கல் கொத்தும் உளியையும் சுத்தியலையும் கொண்டுவந்தான். அவளிடம் நீட்டினான்.

முன்வரிசையில் அப்துல்கனி உட்கார்ந்திருந்தார். கையில் பிஸ்தா. அவர் கத்தவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவளைத் தாண்டிப் போகவிட்டு, பின்னாலிருந்து கேட்டார்:

"அப்போ அறை?"

ஸபூரா திரும்பினாள். இதற்குப் பதில் அவள் யோசித்து வைக்கவில்லை.

"கீழ தோண்டுறோம். உங்க வீட்டு மாடி அறை மாதிரி இருக்காது. வெயில்ல குளிர்ச்சியா இருக்கும். பிடிச்சா அனுப்புங்க."

அப்துல்கனி பிஸ்தாவை உடைத்தார். பிடித்ததா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நஜ்முவிடம் என்ன சொல்லப் போகிறாள்? ஆனாலும் நின்று யோசிக்க இது இடமில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்து, சுவரில் மாட்டிய படத்தைத் தாண்டி, மாடிப்படி ஏறினாள். கீழே யாரோ "இது துறையின் சொத்து" என்று கத்தினார்கள். ஹாஜி ஒரு கையில் கழுதையும் ஒரு கையில் போனுமாக யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காற்றில் மறுமுனைக்கு ஒன்றும் கேட்கவில்லை போலும், "ஹலோ, ஹலோ" என்பதே திரும்பத் திரும்ப வந்தது.

மேல்தளத்திலிருந்து எல்லா ஆலைகளும் ஒரே பார்வையில் தெரிந்தன. ஹாஜி பொய் சொல்லவில்லை. நடுவில் மூன்று செத்த சக்கரங்கள் இன்னும் நன்றாகத் தெரிந்தன.

கைப்பிடிச் சுவரின் மேல்வரிசையில் உளியை வைத்து அடித்தாள். சிமெண்ட் கெட்டியாக இருந்தது. அவளுடைய சுவர் களிமண் கலவை, தொட்டதும் வந்துவிட்டது. இது வரவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். உள்ளங்கை தெறித்தது. கடைசியில் செங்கல் ஓரம் விட்டு அசைந்தது. இரண்டு கையாலும் ஆட்டி எடுத்தாள்.

எடுத்த இடத்தில் ஒரு செங்கல் அகலத்துக்குக் காற்று வந்தது. அவ்வளவுதான். நாலாவது சக்கரம் அசையவில்லை. ஒரு செங்கல்லுக்கு அது அசையாது என்று அவளுக்குத் தெரியாதா?

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கரீம்தாத் வந்தான். அவன் பின்னால் ஐந்தாவது ஆலைக்கும் ஆறாவது ஆலைக்கும் கம்பு பிடித்தவர்கள். புதுத் தொப்பிகளைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஃபீரூஸே, மூச்சிரைக்க.

"முதல்ல கத்துனது யாரு?" என்று ஸபூரா கேட்டாள்.

கரீம்தாத் இருமினான். தொண்டையிலிருந்து கல்தூசைத் துப்பினான். "கீழறையில இருந்து எப்படித் தெரியும்னு கேக்காத. வெளிய வந்துதான் பாத்தேன்" என்றான் அதே கட்டிய குரலில்.

அவள் செங்கல்லை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைக் கீழே எறியாமல் பின்னால் நின்றவனிடம் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம் கொடுத்தான்.

"நல்ல செங்கல். உடைக்காதீங்க" என்றாள் ஃபீரூஸே. "தோண்டுற அறைக்குப் படி கட்ட ஆகும்."

ஸபூரா இரண்டாவது செங்கல்லில் உளியை வைத்தாள்.